எட்டாவது தீவுக்கு ஒரு சிங்கிள்

ஜூலை 6, சனி

பிசியோதெரபி அம்மா சொல்லிவிட்டார்: "தினமும் வலி பத்துக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. எப்படி விழுந்தீங்கன்னும் எழுதுங்க. மூணு வாரம் கழிச்சுப் பாக்கறேன்." அதனால் இந்த டைரி. விதைக் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மக்காச்சோளம் சிரிக்கிறது.

வலி: ஆறு.

பெயர் நல்லசிவம், வயது ஐம்பத்து மூன்று, ஊர் கரூர். இருபத்தாறு வருடமாக அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற வண்டியில், தொண்ணூறு பேருக்கு நடுவில், கம்பியைத் தொடாமல் நிற்பவன். விழுந்தது எங்கள் வீட்டு மொட்டை மாடிப் படியில். படி ஓடவில்லை. கூட்டமும் இல்லை. கையில் ஒரு முறம் வற்றல் இருந்தது. கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

டிப்போவிலிருந்து ஃபோன் செய்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த ரூட்ல விழுந்தீங்க?"

ஜூலை 8, திங்கள்

வலி: ஏழு.

மகள் தாரிணி இன்று காலை ரயிலில் பெங்களூர் போனாள். இரண்டு வாரம் ட்ரெய்னிங் என்றாள். ஜவுளி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்குப் பெங்களூரில் என்ன ட்ரெய்னிங் என்று கேட்க நினைத்தேன். ஆனால் சித்திரை மாதத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொள்கிறோம். அந்த மாதம் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். என்ன வார்த்தை என்பது பிசியோதெரபிக்குத் தேவையில்லை.

பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "ஏம்ப்பா, டிவிக்குக் கீழ இருக்கற கேம் பெட்டியத் தொட்றாதீங்க."

"நான் எதுக்கு அம்மிணி அதத் தொடறேன்?"

"சொல்லி வெக்கறேன்."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் விளையாட்டுச் சாமானைத் தொடுகிறவனா நான்?

ஜூலை 9, செவ்வாய்

சாக்கடைக்குத் தோண்டுகிறவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். டிவியில் ஒன்றும் தெரியவில்லை. பதினொரு மணிக்குத் தொட்டேன்.

அலமாரியில் அவளுடைய கேம் டப்பாக்கள் இருபது இருக்கும். ஊரே ஆடுகிற துப்பாக்கி ஆட்டம், கார் ஆட்டம் ஒன்றும் இல்லை. கடையில் யாரும் கேட்காமல் மூலையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறாள். ஒரு ஆட்டத்தில் உயரமான கட்டடத்துக்கு ஜன்னல் துடைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இன்னொன்றில் ரேடியோவில் வானிலை அறிக்கை வாசிக்க வேண்டும். நாம் என்ன பொய் சொன்னாலும் அந்த மழை வந்துவிடும். இன்னொன்றில் தொலைந்துபோன நாயை ஊரெல்லாம் தேடுகிறோம். கடைசியில் நாய் நாம்தான். இதற்கு அவளுடைய சீட்டு: "முடித்ததும் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்." நானும் பூங்கொடியும் பெற்ற ஒரே பிள்ளை.

பெட்டிக்குள்ளே ஏற்கெனவே ஒரு ஆட்டம் இருந்தது. 'மிஸ்டர் ஓக்காவின் படகு'. ஜப்பான்காரன் செய்தது. ஏழு தீவு, ஒரு சின்னப் படகு. துறையில் நிற்கிற ஆட்களை ஏற்றி, மணி அடித்து, அடுத்த தீவில் இறக்க வேண்டும். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஒரு நடை போவதை நாங்கள் ஒரு சிங்கிள் என்போம். அதை வைத்து ஒருவன் ஆட்டம் செய்திருக்கிறான்! தாரிணி ஆடி வைத்திருந்ததைத் தொடக்கூடாது என்கிற ஒழுக்கம் எனக்கு இருந்தது. அதனால் 'நியூ' என்பதை அழுத்திப் புதிதாக ஆரம்பித்தேன்.

சாப்பிடக் கூப்பிட்டாள் பூங்கொடி. வெளியே வரும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது: 'ஓவர்ரைட்?' கீழே யெஸ், நோ.

ஓவர் என்றால் முடிந்தது. ரைட் என்றால் போகலாம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை நான் சொல்கிற வார்த்தை. ரைட்டுக்கு ஸ்பெல்லிங் மட்டும் வேறு மாதிரி இருந்தது. ஜப்பான்காரன், பாவம், இங்கிலீஷ் எங்கே படித்திருப்பான் என்று விட்டுவிட்டேன். யெஸ். ஓவர், ரைட்! பூசணிக்காய்ப் பொரியல்.

வலி: மூன்று.

ஜூலை 10, புதன்

வலி: இரண்டு. காலையிலிருந்து ஆறு சிங்கிள் அடித்தேன். மணி அடித்தால் அடித்ததுதான். ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் நின்றால் சர்வீஸ் என்ன ஆவது? பதினாலு பேரை விட்டுவிட்டு வந்தேன். ஒரு துறையிலும் ஒரு நிமிடம் தாமதம் கிடையாது.

சாயங்காலம் தாரிணி அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் என் காதிலும் விழுந்தது.

"அம்மா, என்ற படகுல கோழிக்கூண்டோட ஒரு பொம்பள ஏறி உக்காந்திருக்கறா. அறுபத்து மூணு மணி நேரம் ஆடியிருக்கறேன் அதுக்கு. இனி மணி அடிச்சா நேரா எட்டாவது தீவு. மேப்புலயே இல்லாத தீவும்மா. அங்க என்ன இருக்குதுன்னு இது வரைக்கும் ஒருத்தரும் ரெக்கார்டு பண்ணினதில்ல. இருவத்தொண்ணாந்தேதி ஞாயித்துக்கெழம வந்து நான்தான் பண்ணப் போறேன்."

"கரண்டு போனா அழிஞ்சு கிழிஞ்சு போயிருமா கண்ணு?"

"அதெல்லாம் சேவ் பண்ணிட்டேன். அந்த ஆட்டத்துல ஒரே ஒரு சேவ்தான் வெக்க முடியும். நாமளா அழிச்சாத்தான் உண்டு."

நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கால் உடைந்திருக்கிறது என்பது எழுந்த பிறகு ஞாபகம் வந்தது.

ப்ளஸ் டூவில் வாங்கிய அகராதி பரணில் இருந்தது. பூங்கொடியை எடுத்துத் தரச் சொன்னேன். அன்றைக்கே அதைத் திறந்திருந்தால் இங்கிலீஷில் பெயிலாகியிருக்க மாட்டேன். ஓவர்ரைட்: முன்பு எழுதியிருந்ததை அழித்து அதன் மேல் எழுதுதல்.

ஜூலை 11, வியாழன்

வலி: ஒன்பது. கால் நன்றாக இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

பூங்கொடியிடம் சொன்னேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, அவ போயிருக்கறது ட்ரெய்னிங் இல்லீங்க."

"அப்புறம்?"

"கேம் ஆடிப் பாத்துக் குத்தங்குறை சொல்ற கம்பெனியாம். பத்துப் பேரக் கூப்பிட்டிருக்கறாங்க, ரெண்டு பேர எடுப்பாங்க. இருவத்தி ரெண்டாந்தேதி ஒவ்வொருத்தரும் யாருக்கும் தெரியாத ஒரு ஆட்டத்த எடுத்து, அதுல யாரும் பாக்காததக் காட்டோணும். அதுக்குத்தான் அந்தத் தீவு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"'டிவியில படகு ஓட்டறவளுக்கு எவன் சோறு போடுவான்'னு கேட்டீங்கள்ல சித்திரையில? அதே வாய்ல நல்ல வார்த்த வருமான்னு சொல்லல." ஒரு பூண்டை உரித்துவிட்டுச் சொன்னாள்: "இப்பவே ஃபோனப் போட்டுச் சொல்லிப்போடுங்க."

"சொல்லலாம்."

"சொல்லுங்க."

"இன்னும் எட்டு நாள் இருக்குதல்ல?"

அறுபத்து மூன்று மணி நேரம். நாளைக்கு எட்டு மணி நேரம் வைத்தால் வந்துவிடும். டூட்டியும் அவ்வளவுதானே. மெடிக்கல் லீவில் டூட்டி பார்க்கிற ஒரே ஊழியன் தமிழ்நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

ஜூலை 13, சனி

வலி: நான்கு.

என் வண்டி டிரைவர் ரசாக் பாய் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். பதினோரு வருடமாக அவர் ஸ்டியரிங், நான் விசில். விஷயத்தைச் சொன்னதும், "குடுங்க, நான் ஓட்டறேன்" என்று வாங்கினார். வாங்கிய கையோடு படகைக் கொண்டுபோய்த் துறையில் மோதினார்.

"சிவம், இதுல பிரேக் எங்க?"

"படகுக்கு ஏது பாய் பிரேக்?"

"பிரேக் இல்லாத வண்டிய எடுக்கச் சொல்றீங்க. நாளைக்கு விசாரணை வந்தா நீங்க வந்து நிப்பீங்களா?"

பத்து நிமிடத்தில் சுதாரித்துக்கொண்டார். அதற்கப்புறம் என்னை நச்சரிக்க ஆரம்பித்தார். "அங்க பாருங்க, ஒருத்தர் கையாட்டிக்கிட்டு ஓடியாராரு."

"மணி அடிச்சாச்சு. எடுங்க."

"கடல்ல என்னய்யா டைமு? பின்னாடி ஹாரன் அடிக்கறானா?"

"டைமுன்னா டைமுதான்."

"வெளியதான் இப்படின்னா இங்கயுமா?" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சை அவரே உரித்துத் தின்றார்.

இதுவரை விட்டது இருபத்தைந்து பேர். எண்ணுவது தொழில் பழக்கம். கோழிக்கூண்டு அம்மாவை மட்டும் ஒரு தீவிலும் காணவில்லை.

ஜூலை 15, திங்கள்

நேற்று முழுக்க ஓட்டியும் அந்த அம்மா வரவில்லை. விட்ட ஆள் கணக்கு முப்பத்தொன்று ஆனதுதான் மிச்சம். தாரிணி யூடியூபில் ஒரு சேனல் வைத்திருக்கிறாளாம். பெயர் 'தூசி தட்டு'. இருநூற்றுப் பதினோரு பேர் பார்க்கிறார்கள். அதில் ஒருத்தி இரண்டு வருடமாகப் பூங்கொடி. எனக்கு இன்றுதான் தெரிந்தது. ஓக்கா படகைப் பற்றியும் ஒரு வீடியோ இருந்தது. குறிப்பு ஏதாவது கிடைக்கும் என்று பார்த்தேன்.

வீட்டில் "ம்", "சரி" என்று பேசுகிற பெண் அதில் அருவி மாதிரி பேசுகிறாள். யாரும் தொடாத ஆட்டத்தை ஏன் ஆட வேண்டும் என்று சொல்கிறாள்: விற்க வேண்டும் என்று செய்தவன் நம்மைக் கெஞ்சுவான், இவன் கெஞ்சவில்லை, தன்பாட்டுக்கு ஒரு கடலைச் செய்து வைத்துவிட்டுப் போய்விட்டான் என்கிறாள். நன்றாகத்தான் இருந்தது. ஆறாவது நிமிடத்தில் இதைச் சொன்னாள்:

"மணி அடிச்சதும் கெளம்பணும்னு இந்த கேம்ல எங்கயும் சொல்லலீங்க. நாமளாத்தான் கெளம்பறோம். எங்கப்பா பஸ் கண்டக்டர். நான் ப்ளஸ் டூ படிக்கறப்ப ஒரு நாள் மூச்சு வாங்க ஓடி வர்றேன். அப்பா படியில நின்னு என்னையப் பாக்கறாங்க. பாத்துக்கிட்டே ரெண்டு விசில் குடுத்தாங்க. பஸ் போயிருச்சு. அன்னிக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி பிராக்டிகல். அதனால இந்தப் படகுல நான் ஒருத்தரையும் விட்டதில்ல. லேட்டா வர்றவங்களுக்காக நின்னு பாருங்க. அப்பத்தான் சிலர் வருவாங்க."

இதில் சில திருத்தங்கள். அந்த வண்டியின் நேரம் 7.42. அவள் வந்தது 7.43. பெற்ற மகளுக்காக நிறுத்தினால் மற்ற எழுபது பேர் என்ன நினைப்பார்கள்? தவிர, பிராக்டிகல் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். காலையில் பூங்கொடி டிஃபன் வைத்தபோது ஏதோ சொன்னாள். தேர்வைப் பற்றி இருக்கலாம்.

வீடியோவை மூன்று தடவை பார்த்தேன், குறிப்புக்காக.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டாம் தீவு. எல்லோரும் ஏறியாயிற்று. மணி அடிக்காமல் இருந்தேன். கட்டை விரல் தானாக அந்தப் பட்டனுக்குப் போகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம். திரையில் ஒரு பறவை உட்கார்ந்தது. இரண்டு நிமிடம். படகில் இருந்தவர்கள் யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர்கூட "எடுப்பா வண்டிய" என்று சொல்லவில்லை. ஜப்பானில் பயணிகள் எல்லோரும் இப்படித்தானா?

நான்காவது நிமிடம் மேட்டிலிருந்து அந்த அம்மா இறங்கி வந்தாள். கையில் கூண்டு, கூண்டில் ஒரு வெள்ளைக் கோழி. ஏறி உட்கார்ந்து, "கோழிக்குப் படகு என்றால் பயம்" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தீவில் இறங்கிப் போய்விட்டாள்.

என்னையறியாமல் "பூங்கொடி!" என்று கத்திவிட்டேன். என் கால் மறுபடி உடைந்துவிட்டது என்று அவள் ஓடி வந்தாள்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தேங்காய் சுட்டோம். கண்ணைக் குத்தி, பொட்டுக்கடலையும் வெல்லமும் எள்ளும் அவலும் போட்டு, குச்சியில் செருகித் தீயில் காட்டுவது. திருப்பிப் பிடிப்பது எப்போதும் தாரிணி வேலை. இந்த வருடம் நான் வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பிடித்தேன். ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் பச்சை. "பஸ்ஸுல ஸ்டாண்டிங் வர்ற மாதிரி ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்குது" என்றாள் பூங்கொடி.

ஃபோன் வந்தது. "அப்பா என்ன பண்றாங்க?"

"வேலையா இருக்கறாங்க கண்ணு."

"கால ஒடச்சுக்கிட்டு என்னம்மா வேல?"

பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் தேங்காயைப் பார்த்தேன். பிறகு ஃபோனை என் காதில் வைத்துவிட்டாள்.

"நல்லா இருக்கியா அம்மிணி?"

"ம். கால் எப்படி?"

"ம்."

சித்திரைக்கு அப்புறம் இதுதான் நீளமான பேச்சு.

கோழிக்கூண்டு அம்மாவை ஏழு தீவிலும் ஒரு தடவையாவது ஏற்ற வேண்டும் என்பது என் கணிப்பு. மூன்று முடிந்தது. ஒவ்வொரு தீவிலும் அதிக நேரம் காக்க வைக்கிறாள்.

ஜூலை 18, வியாழன்

ஐந்தாம் தீவில் பதினாறு நிமிடம் நின்றேன். யாரையும் திட்டவில்லை.

ஜூலை 20, சனி

பிற்பகல் மூன்று மணிக்கு ஏழாம் தீவில் ஏறினாள். அடுத்த துறை வந்ததும் இறங்கவில்லை. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒன்றுமே இல்லாத பக்கம் கையைக் காட்டினாள். சேவ் செய்தேன். மறுபடி அந்தக் கேள்வி வந்தது. அகராதியை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டு யெஸ் கொடுத்தேன்.

தாரிணி அறுபத்து மூன்று மணி நேரத்தில் செய்ததை நான் ஐம்பத்தெட்டில் செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பூங்கொடி கேட்டாள்: "வந்ததும் சொல்லிப்போடுவீங்கல்ல?"

"எதுக்கு? போட்டது போட்டபடி இருக்குது. அவ மணி அடிச்சாத் தீவு வரப்போகுது."

"மாமா..."

அவள் மாமா என்று கூப்பிட்டால் நான் தப்பு செய்கிறேன் என்று அர்த்தம். ஆனாலும் பாருங்கள், நான் விட்ட முப்பத்தொரு பேரைப் பற்றி ஆட்டத்தில் ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். எங்கள் டிப்போவில் ஒரு ஆளை விட்டாலே புகார் வந்து மேஜையில் இருக்கும். ஜப்பான்காரன் நல்லவன்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் வந்தாள். குளித்தாள், இட்லி சாப்பிட்டாள், பெட்டியோடு ஒரு லேப்டாப்பையும் மைக்கையும் இணைத்தாள். நான் ஹாலில் நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தை.

"வணக்கம். தூசி தட்டலாம்" என்று ஆரம்பித்தாள். இந்தப் படகு எத்தனை பேர் கண்ணில் படாமல் போனது என்று சொன்னாள். ஒருவரையும் விடாமல் ஓட்டிய கதையைச் சொன்னாள். நாளைக்குக் கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் போகப் போகிற குரல். பிறகு மணி அடித்தாள்.

படகு பனிக்குள் போனது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பனி விலகியது. ஒரு சின்னத் தீவு, நீளமான மரத்துறை. துறை முழுக்க ஆட்கள். திருவிழாப் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி.

"யாரு இவங்கல்லாம்?" என்றாள் தாரிணி.

கோழிக்கூண்டு அம்மா இறங்கிப் போனாள். நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தாரிணி முதல் ஆளின் பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினாள். அவன் சொன்னது திரையில் வந்தது. எனக்கே படிக்க முடிகிற இங்கிலீஷ்: 'அன்றைக்கு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.' அடுத்து நின்ற பெண்ணிடம் போனாள். அவளும் அதையே சொன்னாள். மூன்றாவது ஆளும்.

"விட்டுட்டுப் போனவங்க... இங்கதான் வந்து நிக்கறாங்க" என்றாள், மைக்குக்கா தனக்கா என்று தெரியாமல். "ஆனா நான் யாரையும் விடலியே."

ஆட்டத்தை நிறுத்தி ஒரு பக்கத்தைத் திறந்தாள். ஐம்பத்தெட்டு மணி நேரம் என்று இருந்தது. சமையலறையில் மிக்சி நின்றது.

"அம்மிணி" என்றேன். "அது நான் விட்ட ஆளுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். ஓவர், ரைட், அகராதி, ரசாக் பாய், எல்லாம். சிரிப்பு வரும்படியாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன பேரு?"

"முப்பத்தொண்ணு."

"முப்பத்திரெண்டு" என்றாள்.

தன்னையும் சேர்த்து அவள் எண்ணியதுதான் சரி. 7.42, 7.43 என்றெல்லாம் நான் ஒன்றும் சொல்லவில்லை. "பிராக்டிகல்னு உங்கம்மா காலையிலயே சொன்னா" என்றேன். "காதுல விழுந்துச்சு."

திரையில் நின்றவர்களைக் காட்டி அவள் சொன்னாள்: "என்ற ஆட்டத்துல வந்திருந்தா இந்தத் துறையில ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்கப்பா. வெறும் தீவ ரெக்கார்டு பண்ணிட்டு, ஒண்ணுமில்லன்னு நெனச்சிருப்பேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்காக நீங்க அழிச்சது நல்லதுன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்." மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அம்மிணி, நான் பேசினது அதுல பதிஞ்சிருச்சா?"

"பதிஞ்சிருச்சு."

"அத அழிச்சிரு."

"அழிக்கறது உங்க வேல" என்றாள். "இது இப்படியே போகும் நாளைக்கு."

நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரர்கள் என் குரலைக் கேட்பார்கள். எடுப்பார்களா, மாட்டார்களா, தெரியாது. அவளுக்கும் தெரியாது. மைக்கை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள். கையிலிருந்த ரிமோட்டையும் என் மடியில் வைத்தாள்.

"நீங்க விட்ட ஆளுங்க. நீங்களே ஏத்துங்க."

படகில் பன்னிரண்டு பேர்தான் பிடிக்கும். மூன்று சிங்கிள் என்றேன். அவள் தரையில், என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கட்டுப் போட்ட காலில் சாய்ந்துகொண்டாள், வலித்தது, சொல்லவில்லை. முதலில் ஒரு கிழவர், பிறகு இரண்டு மீன்காரிகள், பிறகு குடையோடு ஒருவன். பன்னிரண்டாவது ஆள் துறையின் ஓரத்தில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். செருப்பாக இருக்கும்.

தேடட்டும்.